‘ஸாரி’ எல்லாமே மன்னிப்பு இல்லை: புதிதாக வந்திருப்பவர்களுக்கு

இங்கிலாந்துக்கோ கனடாவுக்கோ வந்து இறங்கியதும் காதில் விழுந்துகொண்டே இருக்கும் சொல் ‘ஸாரி’. நமக்குப் பழக்கமான சொல்தான். ஆனால் தப்பு செய்தால் சொல்வதற்கென்று நாம் வைத்திருக்கும் சொல்லை இவர்கள் நாலைந்து வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். எந்த இடத்தில் எந்த வேலை என்று பிடிபடும்வரை குழப்பம் இருக்கும்.

சின்ன விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயிலில் ஒருவர் பக்கத்தில் வந்து “ஸாரி” என்றால், கொஞ்சம் வழி விடுங்கள் என்கிறார். நீங்கள் பேசி முடித்ததும் குரலை உயர்த்தி “ஸாரி?” என்றால், சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்கிறார். நம் உச்சரிப்பைக் குறை சொல்கிறாரோ என்று சுருங்கிப்போக வேண்டாம். அவர்களுக்குள்ளேயும் இப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள். சொன்னதையே நிதானமாக இன்னொரு முறை சொன்னால் போதும். வீடு பார்க்கும்போதோ வேலை கேட்கும்போதோ “ஐ ஆம் ஸாரி, பட்” என்று பதில் தொடங்கினால் அது ‘முடியாது’ என்பதுதான். குரல் மென்மையாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தால் அவர்களுக்குச் சங்கடமாகிவிடும்.

அதிகம் தடுமாறுவது துக்கம் விசாரிக்கும் இடத்தில். உங்கள் வீட்டில் ஒரு இழப்பு என்று தெரிந்ததும் உடன் வேலை செய்பவர் “ஐ ஆம் ஸாரி ஃபார் யுவர் லாஸ்” என்பார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, உங்கள் வருத்தத்தில் பங்கெடுக்கிறார். ‘வலி’ என்று பொருள்படும் ‘ஸோர்’ என்ற சொல்லும் இதுவும் பழைய ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதனால் துக்கத்தில் இதைச் சொல்வது அவர்களுக்கு மிக இயல்பு. “பரவாயில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள்” என்ற பாணியில் பதில் சொல்ல வேண்டியதில்லை. “தேங்க் யூ” போதும். அதேபோல் அவர்கள் வீட்டில் ஒன்று நடந்தால், ஆங்கிலம் தப்பாகிவிடுமோ என்று பயந்து ஒதுங்கி நிற்காதீர்கள். “ஐ ஆம் ஸோ ஸாரி” என்ற ஒரே வாக்கியம் போதும். ஒன்றுமே சொல்லாமல் இருப்பதுதான் மனதில் தங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: “ஐ ஃபீல் ஸாரி ஃபார் யூ” என்று முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். உங்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது என்று கேட்கும். சொல்லும் குரலைப் பொறுத்து இளக்காரமாகவும் படும்.

கார் இடித்துக்கொண்டால் ஸாரி சொல்லலாமா? சொன்னால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற பயம் பலருக்கு. இதற்கென்றே சட்டம் உண்டு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2006-லும் ஒன்டாரியோ 2009-லும் மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தன. ஒன்டாரியோ சட்டப்படி, நஷ்டஈடு போன்ற சிவில் வழக்கில் உங்கள் ஸாரியைத் தப்புக்குச் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் குற்ற வழக்குக்கும், போக்குவரத்து விதிமீறல் போன்ற மாகாணக் குற்றங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இங்கிலாந்திலும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மன்னிப்புக் கேட்டதனாலேயே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது. ஆகவே அடிபட்டவரிடம் “ஐ ஆம் ஸாரி, ஆர் யூ ஓகே?” என்று மனிதராகக் கேளுங்கள். யார் மேல் தப்பு என்ற விளக்கத்தை மட்டும் தெருவிலேயே ஆரம்பிக்க வேண்டாம்.

அப்புறம் அலுவலகம். இவ்வளவு தாராளமாகப் புழங்குவதால், உண்மையிலேயே தப்பு நடந்த இடத்தில் வெறும் ஸாரிக்கு எடை குறைவு. “ஐ அபாலஜைஸ்” என்று தொடங்கி, என்ன தவறியது, எப்போது சரியாகும் என்று இரண்டு வரி எழுதுங்கள். மேலாளர் எதிர்பார்ப்பது அந்த இரண்டு வரியைத்தான். சந்தேகம் கேட்க மட்டும் ஸாரி வேண்டாம். “ஸாரி டு டிஸ்டர்ப் யூ” என்று ஒவ்வொரு மின்னஞ்சலையும் தொடங்கும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. கேள்வி கேட்பது உங்கள் வேலையின் ஒரு பகுதி. பெயரைச் சொல்லி வணக்கம் வைத்துவிட்டு நேராகக் கேள்விக்கு வந்துவிடுங்கள்.