பிரையன் மேயின் கிதார் ஒலி எப்படி வருகிறது?

கேள்வி: குயீன் ராக் இசைக்குழுவின் பிரையன் மே வாசிக்கும் 'ரெட் ஸ்பெஷல்' என்ற கிதாரின் ஒலி, மூன்று பிக்கப் (கம்பி அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) உள்ள சாதாரண கிதாரில் வருமா?

பதில்: வயரிங்கை மாற்றினால் ஓரளவு வரும். ஸ்ட்ராட்டில் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற பிரபல கிதார்) பிக்கப்புகள் பேரலல், அதாவது பக்க இணைப்பு; ரெட் ஸ்பெஷலில் சீரிஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பு. ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச், ஒரு ஃபேஸ் சுவிட்ச் (சைகையைத் தலைகீழாக்குவது), மொத்தம் 6. இரண்டை எதிர் ஃபேஸில் போட்டால் அடித்தொனி கழிந்து மூக்கால் பாடுவது போலிருக்கும். பிக்கப் கீச்சிட்டால் உள்ளே கம்பிச்சுருள் அதிர்கிறது என்று பொருள். அதைத் தடுக்க மே அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினார்.

பதில்: பிளெக்ட்ரமை (கம்பியை மீட்டும் வில்லை) விட்டுட்டீங்களே! மே அதற்குப் பயன்படுத்துவது பழைய பிரிட்டிஷ் 6 பென்ஸ் காசு. விளிம்பு வரிகள் கம்பியில் உரசி அந்தக் கரகரப்பு வரும்.

பதில்: 1963-ல் மேயும் அவர் அப்பாவும் வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிதார் அது. கழுத்து, பழைய கணப்படுப்பின் மேல்சட்டம். புழு அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். ட்ரெமலோவுக்கு (சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோல் அமைப்பு) மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். என்ன உழைப்பு!