சிட்டுக்குருவிக்கு வைத்த தட்டில் மாடப்புறா

குருவி வரட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அகலமான மண் தட்டில் கம்பும் தினையும் போட்டு மொட்டைமாடிச் சுவர்மேல் வைத்தேன். மூன்று நாள் ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஒரு மாடப்புறா வந்தது. பத்து நாள் கழித்து எண்ணினால் 17. தட்டில் இடம் போதாமல் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி, தின்றது பாதி இறைத்தது பாதி. இறைத்ததைப் பொறுக்க இரவில் எலி வந்தது. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து துணி காயப்போடும் கொடியைக் காட்டினார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. கொடியில் இருந்த வெள்ளைச் சட்டையே எல்லாம் சொல்லிவிட்டது.

புறா நுழையாமல் குருவி மட்டும் நுழையட்டும் என்று 4 சென்டிமீட்டர் கட்டம் உள்ள கம்பிவலையை வளைத்துத் தட்டைச் சுற்றிக் கூண்டு மாதிரி செய்தேன். புறாவைத் தடுக்க அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் குருவியே இல்லாத இடத்தில் குருவிக்கு மட்டும் வாசல் வைத்து என்ன செய்ய? ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தானியத்தை நிறுத்தினேன். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் அங்கேயே கிடந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பாடம். அந்தக் கிண்ணம் ஆழமான பிளாஸ்டிக் பேசின். பறவைகள் விளிம்பில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக் குடிக்கும், உள்ளே இறங்காது. உடைந்த பூந்தொட்டியின் அடித்தட்டு ஒன்று கிடைத்தது; சொரசொரப்பாக, கால் வழுக்காமல் இருந்தது. அதில் இரண்டு விரல்கடைக்கு மேல் போகாமல் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டேன். அதே வாரம் கொண்டைக்குருவி குளித்தது. பிறகு தையல்சிட்டு, குண்டுகரிச்சான், ஒருநாள் மாலையில் மாம்பழச்சிட்டு. இவற்றில் ஒன்றுகூடக் கம்பைத் திரும்பிப் பார்க்காது. பூச்சி தின்பவை, பழம் தின்பவை. யோசித்தால் தானியம் தின்னும் பறவை என்பது தோட்டத்துக்கு வருகிறவற்றில் ஒரு பகுதிதான். தாகம் எல்லாவற்றுக்கும் உண்டு.

தவிட்டுக்குருவிகள் குளிப்பதைப் பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். ஏழெட்டாக வரும். ஒன்று கிளையில் காவல் இருக்கும், இரண்டு இறங்கும், மற்றவை வரிசையில் நின்று கத்தும். நனைந்தபின் கம்பளிப் பூச்சி மாதிரி சிலிர்த்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து ஒன்றின் இறகை ஒன்று கோதும். தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுகிறேன். கொசு முட்டையிட்டுப் புழுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும், நாம் அதற்கு விடக்கூடாது. கூடவே, உதிர்ந்த இலையைக் கூட்டுவதையும் ஒரு மூலையில் விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம் என்று வீட்டில் பேச்சு. தவிட்டுக்குருவிகள் அந்தச் சருகைப் புரட்டித்தான் பாதி நாளைக் கழிக்கின்றன.

* * *

மேலே நீங்கள் எழுதியதைப் படித்தேன். உங்கள் கீழ் வீட்டுக்காரரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் வண்டிக் கண்ணாடிக்குத்தான் ஆபத்து. ஒரு கொண்டைக்குருவி தினமும் காலை ஆறரைக்கு வந்து, கண்ணாடியில் தெரியும் 'எதிரியை' மூக்கால் குத்தும், காலால் உதைக்கும், களைத்துப்போய்க் கைப்பிடியில் உட்கார்ந்து எச்சமிட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். கூடு கட்டும் காலத்தில் தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டதாக நினைத்துச் செய்கிற சண்டை இது. இரண்டு பழைய காலுறைகளைக் கண்ணாடிகளுக்கு மாட்டியதும் ஓய்ந்தது.

ஜன்னல் கண்ணாடி வேறு கதை, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. தீனித் தட்டை ஜன்னலிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி வைத்திருந்தேன். பூனை வந்து எல்லாம் சிதறிப் பறந்தபோது ஒரு மணிப்புறா நேராகக் கண்ணாடியில் மோதியது. பிழைக்கவில்லை. தட்டை ஜன்னலை ஒட்டி ஒரு மீட்டருக்குள் வைத்தால் மோதும் வேகமே வராது. இல்லையென்றால் பத்து மீட்டராவது தள்ளிப் போகவேண்டும். நான் வைத்திருந்ததுதான் இருப்பதிலேயே மோசமான தூரம். பருந்துப் படம் ஒன்றை ஒட்டினால் போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள், போதாது. கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி வைத்தேன். அதன்பின் மோதல் இல்லை. மோதி மயங்கிய ஒன்றை எப்போதாவது எடுக்க நேர்ந்தால், காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

* * *

மேலே இரண்டு பேர் எழுதியதைப் படித்துவிட்டு நானும் எழுதலாமா என்று யோசித்தேன். என் தவறு இது.

என் தட்டுக்குக் கூட்டம் குறையவே குறையாது. அதில் எனக்குப் பெருமை. பழைய தானியத்தின் மேலேயே புதியதைக் கொட்டுவேன். மழையில் நனைந்து அடியில் கட்டி பிடித்திருந்தது தெரியும். பறவைக்கு என்ன ஆகப்போகிறது என்று விட்டேன். ஒருநாள் ஒரு மணிப்புறா இறகை உப்பிக்கொண்டு தட்டிலேயே உட்கார்ந்திருந்தது. கிட்டே போனாலும் பறக்கவில்லை. விழுங்க முயன்று முயன்று தானியத்தைக் கீழே விட்டது, அலகின் கீழ் ஈரம். மறுநாள் செத்துக் கிடந்தது. அந்த வாரத்தில் இன்னும் இரண்டு.

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு டிரைக்கோமோனாஸ் என்றார். தொண்டையில் புண் வைக்கும் ஒட்டுண்ணி. நோயுற்ற பறவை கக்கிய தானியமும் எச்சில் பட்ட தண்ணீரும் அடுத்ததற்குப் பரப்பிவிடும். பிரிட்டனில் 2005 முதல் கிரீன்ஃபின்ச் என்ற சின்னப் பறவைகள் இதே நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்து, தீனித் தட்டுகள் மேல் எல்லோர் கவனமும் திரும்பியது என்று பிறகு படித்தேன். படித்தபோது முகம் சூடாகிவிட்டது.

தட்டையும் தண்ணீரையும் சில வாரம் முழுவதுமாக எடுத்துவிட்டேன். பறவைகள் சுவரில் வந்து உட்கார்ந்து பார்த்தன. அது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் கூட்டத்தைக் கலைப்பதுதான் மருந்து. இப்போது இரண்டு தட்டு: ஒன்று வேலையில், ஒன்று தேய்த்துக் கழுவி வெயிலில். அந்த ஒட்டுண்ணிக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் சாகும். மாலைக்குள் தீர்கிற அளவுதான் போடுகிறேன். பூஞ்சை வாசம் வந்த வேர்க்கடலை நேரே குப்பைக்கு. ரொட்டி வைப்பதில்லை, வயிறு நிரம்பும், சத்து கிடையாது.

* * *

கொடி என்றதும் என் பங்கு. எங்கள் துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்தி நூலால் ஒட்டி, சருகும் நாரும் தொங்கவிட்டு, பார்த்தால் யாரோ குப்பையை மாட்டிவிட்டுப் போன மாதிரி. தூக்கி எறியப் போனவளை உள்ளிருந்து ஒரு வளைந்த அலகு நிறுத்தியது. இரண்டு முட்டை. பெண் மட்டும் அடைகாத்தது. ஆண் மினுக்கிக்கொண்டு சுற்றியதோடு சரி. பொரித்த பிறகு அதுவும் பூச்சியும் சிலந்தியும் கொண்டுவர ஆரம்பித்தது. தேன் குடிக்கிற பறவை குஞ்சுக்குத் தேன் ஊட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். செடிக்கு மருந்து அடிப்பதை அன்றோடு நிறுத்தினேன். ஒரு மாதத்துக்கு மேல் துணியெல்லாம் நாற்காலிகளில் காய்ந்தது.

ஒட்டடையை எல்லா மூலையிலும் அடிக்காதீர்கள், அதுதான் அவர்களுக்குச் சிமெண்ட்.

* * *

குஞ்சு பற்றி என் பங்குக்கும் ஒரு வரி. தரையில் தத்திக்கொண்டிருந்த மைனாக் குஞ்சை அநாதை என்று நினைத்து வீட்டுக்குள் கொண்டுபோனேன். வெளியே தாயும் தந்தையும் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. திரும்ப வைத்ததும் ஐந்தே நிமிடத்தில் இரை ஊட்டின. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா. இறகு முளைத்துத் தத்துகிறதென்றால் அது பறக்கப் பழகுகிறது. பூனைக்கு எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு நாம் விலகிக்கொள்ள வேண்டியதுதான்.

* * *

முதலில் எழுதியவன்தான். இதையெல்லாம் படித்துவிட்டு நேற்றுப் போய் அந்தப் பழைய மண் தட்டைத் தேய்த்துக் கழுவினேன். மறுபடி வைக்கும் எண்ணமில்லை, மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை ஒரு ஜோடிச் சிட்டுக்குருவி வந்தது. நான் பதறி உள்ளே போய்க் கம்பு எடுத்துவருவதற்குள் அவை தேடி வந்தது எதுவென்று தெரிந்துவிட்டது. மிளகாய் நாற்று நட மண்ணைக் கொத்திக் காயவிட்டிருந்த தொட்டியில் இறங்கி, குழி பறித்து, வயிற்றைத் தரையில் அழுத்தி, சிறகால் புழுதியை வாரி வாரித் தலைமேல் போட்டுக்கொண்டன. கால்மணி நேரம். போன பிறகு பார்த்தால் மண்ணில் தேநீர்க் கோப்பை அளவுக்கு இரண்டு குழி.

நாற்று வேரோடு வாளியில் நிற்கிறது. வேறு தொட்டி தேட வேண்டும்.