பழைய வெப்பமண்டலக் கடலின் வெப்பநிலை: ஓட்டின் வேதியியலை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: கருப்பூர் ஆசிரியை

வணக்கம். சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். அண்மையில் மாணவர்களை அரியலூருக்கு அழைத்துச் சென்றபோது, ஓடையோரத்தில் கிடந்த, பழங்காலக் கடலின் எச்சமான சிப்பி ஓடுகளைப் பார்த்த ஒரு மாணவி, அந்தக் கடல் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்திருக்கும் என்று கேட்டாள். ஆக்சிஜனின் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் வேறுபட்ட அதன் அணுக்களை, அளந்தால் தெரியும் என்றேன். பிறகு படித்ததில், துருவங்கள் பெருமளவு பனியின்றி இருந்த இயோசீன் காலத்தில் (ஏறத்தாழ 5.6 முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்) வெப்பமண்டலக் கடல் இன்றையதைவிடக் குளிர்ந்திருந்ததாகப் பழைய ஓட்டு அளவீடுகள் காட்டின என்று அறிந்து குழம்பினேன். இது எவ்வாறு? சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லையும் இப்படி அளக்கலாமா?

பதில் 1: ஏற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற நிலவியலாளர்

அம்மா, சங்ககிரிக் கல் பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தில் வெந்து பளிங்கானது. தான் படிந்த கடலின் வெப்பநிலையை அது சொல்லாது.

முறையின் அடிப்படையை 1947இல் ஹரால்டு யூரே வகுத்தார். நீர் குளிரக் குளிர ஓட்டில் ஆக்சிஜன்-18 சற்றே மிகும்; ஆயிரத்தில் ஒரு பங்கு மிகுந்தால் 4 பாகைக்குச் சற்று மேல் குளிர்ந்ததாகக் கணக்கு. ஆனால் பனிப்பாளங்கள் பெருகும்போதும் ஆக்சிஜன்-16 பனியில் தங்கிவிட, கடல்நீரில் 18 மிகுகிறது; ஆகவே அன்றைய நீரில் ஆக்சிஜன்-18 எவ்வளவு இருந்தது என்று அறியாமல் வெப்பநிலையைச் சொல்ல முடியாது.

தாங்கள் குறிப்பிட்ட புதிருக்குக் காரணம் வேறு. ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களில் மேற்பரப்பில் மிதப்பவை வெதுவெதுப்பான நீரில் ஓடு கட்டி, இறந்தபின் குளிர்ந்த ஆழ்கடல் தரையில் வீழ்கின்றன. அங்கே சேற்றுக்குள் ஓட்டின் கால்சைட் (கால்சியம் கார்பனேட் படிகம்) சிறிது சிறிதாகக் கரைந்து மீண்டும் படிகமாகையில், ஓட்டின் வடிவம் அப்படியே இருக்க, தரையின் குளிர்ச்சி அதில் பதிந்துவிடுகிறது. 2001இல் பால் பியர்சன் குழுவினர் தான்சானியாவின் களிமண்ணில் கண்ணாடிபோல் கெடாதிருந்த ஓடுகளை அளந்தபோது, குறைந்தது 28 முதல் 32 பாகை எனக் கிடைத்தது. என்னைக் கேட்டால், எந்த எண்ணையும் நம்புமுன் ஓட்டை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும்.

பதில் 2: அஸ்தம்பட்டி, ஆய்வு மாணவர்

ஐயா சொன்னதோடு மெக்னீசியத்தையும் சேர்க்கலாம். நம்மூர் வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட் என்பது மாணவர்களுக்குத் தெரியும். அதே மெக்னீசியம் ஃபோராமினிஃபெராவின் கால்சைட்டில் கால்சியத்தின் இடத்தில் சிறிதளவு புகுகிறது, ஒரு பாகை ஏறினால் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. ஒரே ஓட்டில் இரண்டையும் அளந்தால் வெப்பநிலையையும் நீரின் ஆக்சிஜனையும் பிரித்தறியலாம். எனினும் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் மெக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் இருந்த விகிதம் வேறு என்பதால் திருத்தம் தேவை. கனமான கார்பனும் கனமான ஆக்சிஜனும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் அளவைக் கொண்டு கணிக்கும் முறையை 2006இல் பிரசன்ஜித் கோஷ் உள்ளிட்டோர் வெளியிட்டனர். அதற்கு நீரின் ஐசோடோப்பு அளவு தேவையில்லை.

கருப்பூர் ஆசிரியை

இருவருக்கும் நன்றி. அப்படியானால் அரியலூர் ஓடு வெப்பமண்டலக் கடலைப் பற்றிச் சொல்லும் அல்லவா?

பதில் 1 எழுதியவர்

இல்லை அம்மா. அரியலூர் ஓடுகள் உருவான கிரெட்டேசியஸ் காலத்தில் (ஏறத்தாழ 14.5 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) நம் நிலப்பகுதி நிலநடுக்கோட்டுக்கு வெகுதெற்கே இருந்தது; அந்த ஓடு சொல்வது தென்கோளத்தில் வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட கடலைப் பற்றி. அம்மோனைட் என்னும் அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரின் ஓடு அரகோனைட்டால் ஆனது; கால்சியம் கார்பனேட்டின் இந்த வேறு படிகம் எளிதில் மாறிவிடும் என்பதால், தடித்த கால்சைட் ஓடுடைய சிப்பியையோ காரை என்னும் ஊர்ப்பக்கம் கிடைக்கும் பெலம்னைட்டையோ (கணவாய் போன்ற அழிந்துபோன உயிரின் உள்ளோடு) மாணவிக்குக் காட்டுங்கள்.