தோழிகள் என்று எழுதியிருந்தது, காதல் என்று படித்தேன்: உங்கள் அனுபவம் என்ன?

எக்ஸ்-மென் என்ற அமெரிக்கப் படக்கதை வரிசையில் ஸ்டார்மும் யூகியோவும் சந்திக்கும் 1983ஆம் ஆண்டுக் கதையைக் கல்லூரி நாட்களில்தான் முதலில் படித்தேன். ஸ்டார்ம் வானிலையை ஆள்பவள். தன் மனம் கொந்தளித்தால் வெளியே புயல் எழுந்துவிடும் என்று உணர்ச்சிகளை அடக்கியே பழகியவள். ஜப்பானில் யூகியோ அவள் எதிரே வந்து நிற்கிறாள். உயிரைத் துச்சமாக மதிப்பவள், ஆபத்தைக் கண்டால் சிரிப்பவள். கொஞ்ச நேரம்தான் இருவரும் தோளோடு தோள் நின்று சண்டையிடுகிறார்கள். அடுத்து நாம் பார்க்கும் ஸ்டார்ம் வேறொருத்தி. நீண்ட வெண்கூந்தலைக் காணோம். இருபுறமும் மழித்து நடுவில் மட்டும் முடி விட்டு, கறுப்புத் தோலுடையில் நிற்கிறாள்.

எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஒருத்தியைச் சந்தித்த பிறகு இன்னொருத்தி தன்னையே புதிதாகக் கண்டெடுக்கிறாள் என்றால் அதற்கு என்ன பெயர்? உடன் படித்தவளிடம் ஆசையாகச் சொன்னேன். "உனக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும்" என்றாள். அதன் பிறகு பல வருடங்கள் யாரிடமும் அந்தக் கதையைப் பற்றி நான் பேசவில்லை.

அகப்பாடல்களைப் படிக்கும்போது உள்ளுறை என்று கற்றுத் தருகிறார்கள். தலைவி சொல்லாமல் விட்டதைக் குருகும் வண்டும் சொல்லிவிடும். அதைக் கண்டுகொள்பவரே நல்ல வாசகர் என்கிறோம். அந்தப் பயிற்சியோடு ஒரு படக்கதைக் கட்டத்தைப் பார்த்தால் மட்டும் ஏன் "இல்லாததைக் கற்பனை செய்கிறாய்" என்கிறார்கள்? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். எந்தக் கதை, யார் யார், சுற்றி இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

*

உங்கள் கேள்விக்கு என் பதில்: எனக்கு அகராதிதான் சாட்சி சொன்னது. 1990இல் வந்த ஓர் எக்ஸ்-மென் இதழில் டெஸ்டினி என்பவளை, மிஸ்டிக் என்ற இன்னொருத்தியின் 'லெமன்' (leman) என்று ஒரு பாத்திரம் குறிப்பிடும். பழைய இதழ்களைத் தேடித் தேடிப் படித்த காலத்தில் அந்தச் சொல்லைப் பார்த்து, அச்சுப்பிழை என்றே நினைத்தேன். சந்தேகம் தீராமல் பெரிய ஆங்கில அகராதியை எடுத்துப் புரட்டினேன். காதலர் என்று பொருள், வழக்கொழிந்த சொல் என்று போட்டிருந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஏன் வழக்கொழிந்த சொல்? 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட காமிக்ஸ் ஒழுங்கு விதிகள், 'பாலியல் பிறழ்வு' என்று பெயரிட்டு இந்த உறவுகளைக் காட்டவும் கூடாது, குறிப்பால் உணர்த்தவும் கூடாது என்றன. 1989இல்தான் அது தளர்ந்தது. அதற்கு முன்பே எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் அந்த இருவரையும் ஒரே வீட்டில் வாழவைத்தார், ரோக் என்ற பெண்ணை வளர்க்கவைத்தார். காதல் என்ற சொல்லை மட்டும் எழுத முடியவில்லை. ஆகவே எங்களைப் போன்றவர்கள் வெறும் நிழலைப் பார்த்து மயங்கவில்லை. அங்கே ஓர் உருவம் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

டெஸ்டினி இறந்த பிறகு, அவள் குறித்துக் கொடுத்திருந்த அதே நேரத்தில் மிஸ்டிக் அஸ்தியைக் கடலில் தூவுவாள். காற்று திரும்பி அடித்து அவள் முகத்திலேயே சாம்பல் அப்பிக்கொள்ளும். எதிர்காலம் அறிந்த டெஸ்டினி வேண்டுமென்றே செய்துவிட்டுப் போன கடைசிக் குறும்பு அது என்று புரிந்து மிஸ்டிக் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் "நெருங்கிய தோழிகள்" என்று சொல்பவர்களிடம் வாதாடும் சக்தி எனக்கு இல்லை.

இந்த இருவரும் எக்ஸ்-மென் நாயகன் நைட்கிராலரின் பெற்றோர் என்பது கிளேர்மான்ட்டின் பழைய எண்ணம். அது 2023இல் அச்சில் வந்தது. டெஸ்டினி தாய், உருமாறும் ஆற்றல் கொண்ட மிஸ்டிக் தந்தை. அன்று என் பழைய அகராதியைத் தேடி எடுத்து அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

*

என் அனுபவம் நேர்மாறானது. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

நான் சொல்லப்போவது கேரல் டான்வர்ஸ், ஜெசிக்கா டுரூ என்ற இரு சூப்பர் நாயகிகளைப் பற்றி. 1981ஆம் ஆண்டு அவெஞ்சர்ஸ் ஆண்டு மலரில் ரோக் கேரலின் ஆற்றலையும் நினைவுகளையும் உறிஞ்சிக்கொண்டு கோல்டன் கேட் பாலத்திலிருந்து எறிந்துவிடுகிறாள். விழுபவளைப் பிடிப்பவள் ஸ்பைடர்-வுமனான ஜெசிக்கா. பிறகு எக்ஸ்-மென்னின் தலைவர் பேராசிரியர் சேவியர் நினைவுகளை மீட்டுத் தருகிறார். ஆனால் அந்த நினைவுகளோடு ஒட்டியிருந்த உணர்வுகள் திரும்பவில்லை. தன் வாழ்க்கையே யாரோ ஒருத்தியின் கதை போல் கேரலுக்குத் தெரிகிறது.

என் தோழி விபத்தில் அடிபட்டுப் பல மாதங்கள் இதே நிலையில் இருந்தாள். என் பெயர் தெரியும், நாங்கள் சேர்ந்து போன இடங்கள் தெரியும். எதுவும் அவளைத் தொடவில்லை. நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குள் காதல் இல்லை. அதைவிடக் குறைவான ஒன்றும் இல்லை. கேரல்–ஜெசிக்காவை அந்த நாட்களில் படித்துத்தான் தாங்கினேன். அவர்களை ஜோடி சேர்க்கும் ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் "இவ்வளவு அன்பு இருந்தால் அது காதலாகத்தானே இருக்க வேண்டும்" என்று யாரோ என்னிடம் சொல்வதுபோல் இருக்கிறது. தோழமை, காதலுக்கு ஏறும் படிக்கட்டு அல்ல. அங்கேயே ஒரு வீடு கட்டிக்கொண்டு வாழ்பவர்கள் இருக்கிறோம்.

*

மேலே எழுதிய தோழிக்கு: உங்கள் வரிகளை இரண்டு முறை படித்தேன். நான் ரசிகர் புனைவு எழுதுபவள். பேட்மேன் கதைகளில் வரும் ஹார்லி குவின், பாய்சன் ஐவி பற்றி மட்டும் பல கதைகள் எழுதியிருக்கிறேன் (நாயகிகள் என்பதைவிட வில்லிகளாகத் தொடங்கியவர்கள், தெரியும்). பேட்மேன் அனிமேஷன் தொடரில் 1993இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் ஐவி, விரட்டப்பட்டு வந்த ஹார்லிக்கு நஞ்சுமுறி மருந்தை ஊசியில் ஏற்றுவாள். நச்சு சூழ்ந்த தன் இடத்தில் அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக. நான் எழுதிய எல்லாக் கதைகளும் அந்த ஊசியிலிருந்து முளைத்தவை.

ஒரு காமிக்ஸ் விழாவுக்கு ஹார்லி வேடத்தில் போனேன். முன்பின் தெரியாத ஒரு பெண் ஐவியாக வந்திருந்தாள். படம் எடுக்க வந்தவர், "தோழிகள் மாதிரி நில்லுங்கள்" என்றார். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் எடுத்தவரும் ஒன்றும் சொல்லவில்லை. அது 2015க்கு முன்பு. அந்த ஆண்டுதான் ஹார்லியும் ஐவியும் ஜோடிதான் என்று ஹார்லி இதழின் எழுத்தாளர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெண்ணின் கைதான்.

கேரலையும் ஜெசிக்காவையும் வைத்து நான் எழுதியதில்லை. எழுதக்கூடாது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதினால், பாலத்திலிருந்து விழுந்தவளைத் தாங்கிய கை எவருடையதாகவும் இருக்கலாம் என்பதை மனதில் வைத்தே எழுதுவேன்.

*

சிறு குறிப்பு ஒன்று. வொண்டர் வுமனிடம் பெண் காதலை முதலில் ஊரறியப் படித்துச் சொன்னவர்களில் ஒருவர் ரசிகர் அல்ல. 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் அதைக் குற்றச்சாட்டாக எழுதினார். பெண்கள் மட்டும் வாழும் தீவிலிருந்து வந்தவள், சுற்றிலும் தோழியர். அவர் பார்த்த அதே பக்கங்களைத்தான் நாங்களும் பார்த்தோம். 2016இல் அவள் கதையை எழுதிக்கொண்டிருந்த கிரெக் ரக்கா, டயானா (வொண்டர் வுமனின் இயற்பெயர்) பெண்களையும் காதலித்திருக்க வேண்டும் என்று பேட்டியில் சொன்னபோது, வெர்தாமின் பெயரைச் சொல்லி என்னைப் பயமுறுத்திய மாமாவை நினைத்துக்கொண்டேன். அவர் என் இதழ்களைக் கிழித்துப் போட்டவர்.

*

தொடங்கியவள் மீண்டும் எழுதுகிறேன். இத்தனை பேர் மனம் திறப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

தோழியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு சொல். என்னிடம் "உனக்கு அப்படித்தான் தோன்றும்" என்று சொன்னபோது எனக்கு எப்படி வலித்ததோ, "இது காதலாகத்தான் இருக்க வேண்டும்" என்று கேட்கும்போது உங்களுக்கும் அப்படியே வலித்திருக்கிறது. இதை நான் யோசித்ததே இல்லை. ஸ்டார்மும் யூகியோவும் எனக்குக் காதலர்கள்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் நீங்கள் சொன்ன ஆண்டு மலரைப் பல வருடங்களுக்கு முன்பு ரோக்கின் சண்டைக்காக மட்டும் படித்துவிட்டு வைத்துவிட்டேன். பாலத்தின் அடியில் ஜெசிக்காவின் முகம் எப்படி வரையப்பட்டிருந்தது என்பதுகூட நினைவில்லை. இன்றிரவு எடுத்துப் பார்க்கிறேன்.

உங்கள் தோழி இப்போது எப்படி இருக்கிறார்?