12 லட்சம் வரை வரி இல்லை என்றார்களே, பங்கு விற்ற லாபத்துக்கு மட்டும் ஏன்?

வாத்தியார்63:
விருதுநகர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2025-26இல் பென்ஷன் 7,20,000. ஒரே கம்பெனியில் டிவிடெண்ட் 18,000. அதில் 1,800 டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, பிடித்துவிட்டார்கள். ஐபிஓவில் (கம்பெனியின் புதுப் பங்கு வெளியீட்டில்) கிடைத்த பங்கை நாலே மாதத்தில் விற்றேன், லாபம் 60,000. அப்புறம் 2012இல் 90 ரூபாய்க்கு வாங்கிய 400 பங்கை மகள் கல்யாணத்துக்காக இந்த ஜனவரியில் 640க்குக் கொடுத்தேன். அதில் 2,20,000. எல்லாம் சேர்த்தாலும் 12 லட்சத்தைத் தொடவில்லை. ஆனால் ரிட்டர்ன் போட்டுக்கொடுப்பவர் 24,830 கட்டச் சொல்கிறார். எந்தக் கணக்கு இது?

கணக்குப்பிள்ளை:
ஐயா, புது வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராததற்குக் காரணம் ரிபேட், அதாவது வரித் தள்ளுபடி. பென்ஷன், டிவிடெண்ட், வட்டி போல ஸ்லாபில் (வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும் படிகளில்) வரும் வருமானத்துக்குத்தான் அது. பங்கு லாபத்துக்குத் தனி விகிதம், ரிபேட் அங்கே எட்டாது. ஒரு வருஷத்துக்குள் விற்றால் 20%, அதற்கு மேல் வைத்திருந்தால் 12.5%. நீண்டகால லாபத்தில் மட்டும் வருஷத்துக்கு 1,25,000 விலக்கு. 2024 ஜூலை 23க்கு முன்னால் 15, 10 என்றிருந்தது, ஏற்றிவிட்டார்கள். அவர் போட்டது 60,000க்கு 12,000, 2,20,000இல் விலக்கு போக 95,000க்கு 11,875, இரண்டின் கூட்டல் மேல் 4% செஸ் என்ற கூடுதல் வரி. கூட்டல் சரிதான்.

பழையபங்கு:
கூட்டல் சரி, லாபம் தப்பு! 2012இல் வாங்கியது என்கிறீர்களே. 2018 ஜனவரி 31 வரை ஏறிய ஏற்றத்துக்கு வரி கிடையாது. அன்றைக்குச் சந்தையில் அந்தப் பங்கு தொட்ட உச்ச விலை என்ன என்று பாருங்கள். அது 90ஐ விட அதிகமாகவும் 640ஐ விடக் குறைவாகவும் இருந்தால் அதுதான் உங்கள் வாங்கிய விலை. என் அப்பாவின் பங்குகளுக்கு இதைப் பார்க்காமல் ஒரு வருஷம் தண்டமாகக் கட்டினோம்.

வாத்தியார்63:
தேடிப் பார்த்தேன், 310! அப்படியென்றால் லாபம் பங்குக்கு 330, மொத்தம் 1,32,000. விலக்கு போக 7,000தான் மிச்சம், அதற்கு 875. 12,000ஐயும் செஸ்ஸையும் சேர்த்தால் 13,390. பாதிக்குப் பாதி குறைகிறதே! நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், இதைக் கேட்காமல் விட்டேன் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
நானும் கவனிக்கவில்லை, மன்னிக்கவும். பிடித்த 1,800ஐக் கழித்தால் கையிலிருந்து 11,590. குறுகியகால லாபம் இருப்பதால் ரிட்டர்ன் படிவத்தில் எளிதான ஐடிஆர்-1 ஆகாது, ஐடிஆர்-2 போட வேண்டும். 60 தாண்டியவர், தொழில் வருமானமும் இல்லை, அதனால் முன்கூட்டியே கட்டவில்லை என்று வட்டி கேட்க மாட்டார்கள்.

வாத்தியார்63:
நல்லது தம்பி. இனிமேல் வீட்டம்மா பெயரில் வாங்கினால்? அவளுக்கு வருமானமே இல்லை.

பழையபங்கு:
நீங்கள் பணம் கொடுத்து வாங்கினால் லாபம் உங்கள் தலையில்தான் விடியும். வீட்டம்மாவின் சொந்தக் காசு, அவர் பிறந்த வீட்டில் கொடுத்தது என்றால் சரி. அதற்கு பேங்க் பாஸ்புக்கில் தடம் இருக்கட்டும்.