துளையைப் பார்த்துத்தான் வயது சொல்ல வேண்டும்

சிவப்புப் பாசிமணிச் சரம் ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது. வெளியே செங்கல் சிவப்பு, உள்ளே வெள்ளை. "முந்நூறு வருஷத்துப் பழசு" என்றார் கொடுத்தவர். மேலே சிவப்பு படிந்த வெள்ளை உள்ளீடு பொதுவாக 1830களுக்குப் பிறகு வந்தது. அதற்கு முந்தைய வெனிஸ் சிவப்பு மணிகளில் உள்ளே பச்சைக் கண்ணாடி இருக்கும். சும்மா பார்த்தால் கறுப்பாகவே தெரியும், துளைப் பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினால்தான் பச்சை புலப்படும். அப்படி ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தேன். வெள்ளை உள்ளீட்டு மணிகளுக்கு நடுவே சில பச்சை உள்ளீட்டு மணிகளும் இருந்தன! நூல் அறுந்து அறுந்து மறுபடி கோக்கப்பட்ட சரம். ஆகவே சரத்துக்கு ஒரே வயது சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு மணியையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

லென்ஸில் நான் முதலில் தேடுவது குமிழிகளைத்தான். கண்ணாடியைக் குழலாக இழுத்து வெட்டிய மணி என்றால் குமிழிகளும் கோடுகளும் துளையின் திசையிலேயே நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிச் செய்ததில் அவை துளையைச் சுற்றி ஓடும். அரிக்கமேட்டில் கிடைத்த சின்னஞ்சிறு மணிகளில் பெரும்பாலானவை இழுத்துச் செய்தவை. முறை தெரிந்துவிட்டால் நிறம் காட்டும் மாயத்துக்கு ஏமாற மாட்டோம்.

மறுமொழி:
அருமை நண்பரே. என்னிடம் வந்த வெளிர்நீல மணிகளைக் கண்ணாடி என்றே விற்றார்கள். லென்ஸில் பார்த்தால் நடு வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. ஒரு முனை வழவழப்பு, மறுமுனை ஆரஞ்சுத் தோல் மாதிரி. பொடியை அச்சில் அழுத்திச் சுட்ட பிராசர் மணி அது. அந்த முறைக்குக் காப்புரிமை 1840இல்தான் கிடைத்தது, அதுவும் பொத்தானுக்கு. எனவே அதற்கு முந்தையதாக இருக்க வழியே இல்லை.

இன்னொன்று, தேய்மானம். நெடுங்காலம் அணிந்த மணியில் துளை விளிம்பும் பக்கத்து மணி உரசிய இடமும்தான் தேயும். பள்ளத்துக்குள்ளும் ஒரே சீராக மங்கியிருந்தால் அமிலத்தில் போட்டிருப்பார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

மறுமொழி:
புற ஊதா டார்ச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யுரேனியம் கலந்த பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) மணிகள் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். அவை 1830களில் தொடங்கியவை. மங்கலான பச்சை மட்டும் தெரிந்தால் அது மாங்கனீசாகவும் இருக்கலாம், அவசரப்படாதீர்கள்.