வேன் சோலார்: காலை 11-க்கே 'ஃபுல்', இரவில் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது

கேள்வி: வேன் கூரையில் 200 வாட் பேனல் (18 வோல்ட்), பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சாதாரண வகைப் பெட்டி), 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், கொள்ளளவு) லித்தியம் பேட்டரி. கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 5 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம் வயர். கன்ட்ரோலர் காலை 11-க்கே 'ஃபுல்' காட்டுது, ஆனா இரவில் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுது. இன்னொரு பேனல் வாங்கணுமா?

பதில் 1: வேண்டாம், முதலில் வயரைப் பாருங்க. போக வர 10 மீட்டர். 10 ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும். கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட் பார்த்து, பேட்டரி நிறைந்ததென்று கரண்ட்டைக் குறைக்கும்; பேட்டரியில் 13.7 கூட இருக்காது. நல்ல வெயிலில் இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வையுங்க. வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்கு மேல் என்றால் கன்ட்ரோலரை பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுவந்து 6 ஸ்கொயர் எம்எம் போடுங்க. நீள வயர் பேனல் பக்கம் இருக்கட்டும், அங்கே வோல்டேஜ் மிச்சம் இருக்கு.

பதில் 2: கன்ட்ரோலர் செட்டிங் லித்தியத்துக்குப் பதிலா லெட்-ஆசிட் (ஈய-அமில பேட்டரி) வகையில் இருக்கான்னும் பாருங்க. ஈக்வலைஸ் (லெட்-ஆசிட்டுக்கான அதிக வோல்டேஜ் சார்ஜ்) கட்டாயம் ஆஃப். வோல்டேஜ் எகிறினால் பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) பேட்டரியைத் துண்டிக்கும். அப்போது பேனல் வோல்டேஜ் நேரே ஃப்ரிட்ஜ் போர்டுக்குப் போகலாம்.

பதில் 3: கூரை கேரியர் கம்பியின் நிழல் பேனலில் விழுதா? ஒரு வரிசை செல் மறைந்தாலே 18 வோல்ட் 12-க்கு இறங்கலாம், சார்ஜ் பூஜ்யம். எம்பிபிடி (இன்னும் திறமையான வகை கன்ட்ரோலர்) போட்டாலும் இது தீராது, பேனலை நகர்த்தணும்.

வயர் மாற்றும்போது பேனல் வயரை கன்ட்ரோலரிலிருந்து முதலில் கழற்றுங்க, கடைசியில் மாட்டுங்க. பேட்டரி பாசிட்டிவ் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ்.